கவுண்டிக்குத் தமிழ்ச் சொல்: வர்ஜீனியா அத்தியாயத்திற்காக ஒரு விவாதம்

தொடக்க மடல் (மொழிபெயர்ப்பாளர், கோவை)

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க மாநிலங்களின் வரலாற்றுத் தொகுப்பு ஒன்றில் வர்ஜீனியா பற்றிய அத்தியாயத்தை இம்மாத இறுதிக்குள் தமிழில் ஒப்படைக்க வேண்டியுள்ளது. அம்மாநிலத்தின் உள்ளாட்சிப் பிரிவுகளான 95 கவுண்டிகள் எவ்வாறு தோன்றின, அவற்றுக்கு யார் பெயரிட்டனர் என்பதே அத்தியாயத்தின் பொருள் என்பதால், அந்த ஒரு சொல் பக்கத்திற்குப் பத்து முறையாவது வருகிறது. ‘கவுண்டி’ என்றே எழுதலாம் என்று எண்ணினேன். ஆனால் எங்கள் பகுதி வாசகர் அதை வேறொரு பெயரோடு சேர்த்துப் படிப்பார்கள் என்று பதிப்பாசிரியர் மறுத்துவிட்டார். ‘மாவட்டம்’ என்பது எளிது, எல்லோருக்கும் விளங்கும். ஆயினும் நம் மாவட்டம் மேலிருந்து நியமிக்கப்படும் ஆட்சியரால் நடப்பது. அங்கோ ஷெரிப் என்னும் காவல் தலைவர் உள்ளிட்ட பலரை மக்களே தேர்ந்தெடுக்கின்றனர். 1634இல் முதன்முதலாக எட்டுப் பிரிவுகளை வகுத்தபோது அவற்றை ‘ஷயர்’ என்றழைத்து, சில ஆண்டுகளிலேயே ‘கவுண்டி’ என்று மாற்றியுள்ளனர். ஆகவே எனக்கு ஒன்றல்ல, இரண்டு சொற்கள் தேவை. வழிகாட்டுங்கள்.

மறுமடல் (கல்வெட்டியல் பேராசிரியர், ஓய்வு, தஞ்சாவூர்)

அன்புடையீர், சொல்லைத் தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை. நம் கல்வெட்டுகளிலேயே நாடு, கூற்றம், கோட்டம், வளநாடு என்று நிரல்பட நிற்கின்றன. ‘ஷயர்’ என்பது வெட்டுதல், பகுத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்ததாக நான் படித்திருக்கிறேன். கூறு என்பதிலிருந்து கூற்றம் வந்ததைப் போன்றதே இது. எனவே ஷயருக்குக் கூற்றம், கவுண்டிக்குக் கோட்டம் என்று கொள்க. பெயரிடும் மரபும் பொருந்தி வருவதைக் காண்க. முதலாம் இராசராசன் தன் விருதுப் பெயர்களையே அருமொழிதேவ வளநாடு, பாண்டிய குலாசனி வளநாடு, க்ஷத்திரிய சிகாமணி வளநாடு என்று நிலப்பிரிவுகளுக்குச் சூட்டினான். வர்ஜீனியாவில் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸின் மூத்த மகன் ஹென்றியின் பெயரால் ஹென்ரைக்கோ, மகள் எலிசபெத்தின் பெயரால் எலிசபெத் சிட்டி, அரசராகவும் அரசியாகவும் சேர்ந்தே ஆண்ட வில்லியம், மேரி இருவரின் பெயரால் கிங் அண்ட் குவீன் என்று வைத்திருக்கிறார்கள். அரச குடும்பத்தின் பெயரை மண்ணின்மேல் எழுதும் வழக்கம் ஒன்றே.

மறுமடல் (பள்ளி ஆசிரியை, மதுரை)

பேராசிரியர் ஐயாவுக்கு வணக்கம். கல்வெட்டில் கூற்றம் நிலப்பிரிவு என்பதை ஏற்கிறேன். ஆனால் என் வகுப்பிலுள்ள எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கூற்றம் என்றால் எமன்தான். உயிரையும் உடலையும் கூறுபடுத்துபவன் கூற்றுவன் என்று நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ‘ஷெரிப்’ என்ற சொல் ஷயரின் காரியக்காரர் என்னும் பழைய ஆங்கிலத் தொடரின் திரிபு என்பது தாங்கள் அறிந்ததே. தங்கள் முறைப்படி அவரைக் ‘கூற்றத் தலைவர்’ என்று எழுதினால், தேர்தலில் நின்று வாக்குக் கேட்பவர் எமதர்மராசன் என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். கோட்டம் என்பதற்கும் வளைவு, கோணல் என்ற பொருள் உண்டு; சொற்கோட்டம் இல்லாதிருப்பதே நடுவுநிலைமை என்று குறளில் படித்தவர்கள்தாமே நாம்! இன்றைய வழக்கிலோ அது வருவாய்க் கோட்டம், மின்வாரியக் கோட்டம் என்று அலுவலகப் பலகைகளில் நிலைபெற்றுவிட்டது. மாவட்டம் என்று எழுதிவிட்டு, முதன்முறை வரும் இடத்தில் ஒரு விளக்கக் குறிப்புக் கொடுத்தால் போதும்.

மறுமடல் (மென்பொருள் பொறியாளர், ரிச்மண்ட்)

வர்ஜீனியாவின் தலைநகரான இந்த ஊரில் வாழ்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். ‘ஷயர்’ வெட்டுதலிலிருந்து வந்தது என்னும் விளக்கம் பழையது. பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குப் பொறுப்பு, பதவி என்பனவே பொருள் என்று பின்னர் வந்த அகராதிகள் கூறுகின்றன. கூற்றத்தோடு அதற்கு வேர் உறவு காட்டுவது இனிமையானதே, ஆனால் நிற்காது. ‘கவுண்டி’யின் வேரைத் தேடினால், மன்னனுக்கு உடன் செல்பவன் என்னும் இலத்தீன் சொல்லில் போய் முடியும்; ‘கவுண்ட்’ என்ற பிரபுப் பட்டமும் அதிலிருந்து வந்ததே. அதைக் கண்டவுடன் யாரேனும் ‘வேள்நாடு’ (குறுநிலத் தலைவனின் நாடு) என்று முன்மொழிவார்கள் என்பதால் முன்கூட்டியே மறுத்துவிடுகிறேன்: வர்ஜீனியாவின் எந்தக் கவுண்டியையும் எந்தப் பிரபுவும் அப்பட்டத்தின் உரிமையால் ஆண்டதில்லை. ஃபேர்ஃபேக்ஸ், லவுடன் ஆகியவை பிரபுக்களின் பெயர்களே. ஆனால் பெயர் மட்டும்தான்.

இங்கு ஒரு கவுண்டியை உண்டாக்கியது நீதிமன்றத்தின் தொலைவு. வழக்குக்கும் பத்திரப் பதிவுக்கும் வரி கட்டுவதற்கும் நீதிமன்றக் கட்டடத்திற்கே போகவேண்டும். அது எட்டாத் தொலைவானபோது மக்கள் மனுக் கொடுத்தார்கள், சட்டமன்றம் ஒரு துண்டைப் பிரித்துத் தந்தது. அகஸ்டாவுக்கு 1738இலேயே சட்டம் இயற்றியும், அங்கு நீதிமன்றம் கூடியது 1745இல்தான். அதுவரை அது பெயரளவிலேயே இருந்தது. அகஸ்டாவிலிருந்து பாட்டடாட்டைப் பிரித்த 1769ஆம் ஆண்டுச் சட்டம், மிசிசிப்பி நோக்கி ஓடும் ஆறுகளின் கரையில் வாழ்பவர்கள் நீதிமன்றத்திலிருந்து மிகத் தொலைவில் இருப்பதால் விரைவில் அவர்கள் தனிக் கவுண்டியாக வேண்டியிருக்கும் என்று தன் வாசகத்திலேயே ஒப்புக்கொண்டு, நீதிமன்றக் கட்டடத்திற்கான வரியிலிருந்து அவர்களுக்கு விலக்கும் அளித்தது. அவ்வாறே 1772இல் ஃபின்காசில் பிறந்தது. 1776இன் முடிவில் அதையும் கலைத்து மாண்ட்கோமரி, வாஷிங்டன், கென்டக்கி என மூன்றாக்கினார்கள். அந்தக் கென்டக்கி கவுண்டி 1780இல் மூன்றாகப் பிரிந்து, அந்நிலப்பரப்பே 1792இல் தனி மாநிலமாயிற்று. இன்று அந்த மாநிலத்தில் மட்டும் 120 கவுண்டிகள் உள்ளன. ஆகவே சொல்லை உருவாக்குபவர்கள் அரண்மனையைப் பார்க்காமல் நீதிமன்ற வாசலைப் பார்க்குமாறு வேண்டுகிறேன்.

மறுமடல் (கல்வெட்டியல் பேராசிரியர், தஞ்சாவூர்)

வேர் விளக்கத்தைத் திருத்திய தம்பிக்கு நன்றி. எனினும் என் முன்மொழிவு ஆங்கில வேரை நம்பி நிற்கவில்லை; தமிழ்ச் சொல்லின் பொருளை நம்பி நிற்கிறது. மாவட்டம் என்ற சொல்லையே சற்று ஆராய்வோம். மா என்பது பெரியது. ஹைலண்ட் கவுண்டியின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 2,200. ஆர்லிங்டனின் பரப்பு ஏறத்தாழ 26 சதுர மைல். இவற்றுக்கு ‘மா’ ஏன்? மா என்பது வேலியில் இருபதில் ஒரு பங்கான நில அளவையும் ஆகும் என்பதால், அவ்வழியில் மாவட்டத்தைச் சிறுநிலம் என்றும் கொள்ள இடமுண்டு என்று ஒருவர் வாதாடலாம். ஆனால் அப்போது வட்டம் அதனினும் சிறிதாக வேண்டும், வட்டமோ...

மறுமடல் (மட்டுறுத்துநர்)

ஐயா பொறுத்தருள வேண்டும். நில அளவைகளைத் தனி இழையில் தொடரலாம். மொழிபெயர்ப்பாளருக்கு நாள் நெருங்குகிறது.

மறுமடல் (நூலகர், யாழ்ப்பாணம்)

இலங்கையிலும் மாவட்டம் என்பதே வழக்கு. எங்களுக்கு அதில் இடர்ப்பாடில்லை. ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். லூசியானா மாநிலத்தில் கவுண்டிக்கு நிகரான 64 பிரிவுகளும் கத்தோலிக்கத் திருச்சபையின் பிரிவுப் பெயராலேயே (‘பாரிஷ்’) அழைக்கப்படுகின்றன; 1807இல் அங்குள்ள பேரவை 19 பிரிவுகளை அவ்வாறு வகுத்ததிலிருந்து அப்பெயர் நின்றுவிட்டது. தமிழ்க் கத்தோலிக்கர் அதைப் ‘பங்கு’ என்றே சொல்கிறோம். பங்குத்தந்தை, பங்குமக்கள் என்பவை அன்றாடச் சொற்கள். தொகுப்பில் லூசியானா அத்தியாயம் வரும்போது அதற்குப் புதுச்சொல் ஆக்காதீர்கள்.

மறுமடல் (மொழிபெயர்ப்பாளர், கோவை)

பங்கு என்பதை நன்றியோடு எடுத்துக்கொள்கிறேன். ஆனால் பொதுச்சொல்லைவிடச் சிறப்புப் பெயர்கள் என்னை அதிகம் வருத்துகின்றன. ஐல் ஆஃப் வைட் என்பது தீவன்று. அதன் முதற்பெயரான வாரஸ்குயாக் அங்கு வாழ்ந்த பழங்குடியினருடையது, 1637இல் மாற்றப்பட்டது. ஜேம்ஸ் சிட்டி, சார்லஸ் சிட்டி இரண்டும் நகரங்களல்ல. ஸ்பாட்சில்வேனியா என்பது ஸ்பாட்ஸ்வுட் என்ற ஆளுநரின் பெயரில் மரத்தைக் குறிக்கும் ஈற்றுப் பகுதியை இலத்தீனாக்கிச் செய்தது. ஃபுளுவானா என்பது ஆன் அரசியின் ஆறு. இவற்றை ஒலிபெயர்ப்பதா, பொருள்பெயர்ப்பதா? போதாக்குறைக்கு எந்தக் கவுண்டியிலும் சேராத 38 தனி நகரங்கள் வேறு இருக்கின்றன. ரிச்மண்ட் கவுண்டியோ ரிச்மண்ட் நகரத்துக்கு அருகில்கூட இல்லை.

மறுமடல் (மென்பொருள் பொறியாளர், ரிச்மண்ட்)

பெயர்களை ஒலிபெயர்த்துவிடுங்கள். பெயர்க் காரணம் வரலாற்றோடு பிணைந்த இடத்தில் மட்டும் உரைக்குள் விளக்குங்கள். எடுத்துக்காட்டாக, அரச ஆளுநர் டன்மோரின் பெயரால் 1772இல் அமைந்த கவுண்டிக்கு, விடுதலைப் போர் நடக்கும்போதே 1778இல் ஷெனாண்டோவா என்று பெயர் மாற்றியதை விளக்காமல் விட்டால் வாசகருக்கு எதுவும் புரியாது. பேட்ரிக், ஹென்றி என்று அடுத்தடுத்து இரண்டு கவுண்டிகள் இருப்பது பேட்ரிக் ஹென்றி என்ற ஒரே மனிதரைக் குறிக்கிறது. அதற்கு ஒரு வரி போதும். ஜேம்ஸ் சிட்டி மாவட்டம் என்று எழுதுங்கள். ‘நகர்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

மறுமடல் (பள்ளி ஆசிரியை, மதுரை)

அப்படியானால் தாங்களும் மாவட்டத்திற்கு வந்துவிட்டீர்கள்.

மறுமடல் (மென்பொருள் பொறியாளர், ரிச்மண்ட்)

வேறு வழி தெரியவில்லை, அம்மா. நீதிமன்றத்தை உள்ளடக்கிய சொல் ஒன்றை இரண்டு இரவுகள் தேடினேன். ‘மன்றகம்’ என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே திருமண மண்டபம் போலத் தோன்றியது.

மறுமடல் (மொழிபெயர்ப்பாளர், கோவை)

பெரும்பான்மையர் சலித்தாவது ஒத்துக்கொண்டதால் கவுண்டிக்கு ‘மாவட்டம்’ என்றே இன்று அனுப்புகிறேன். முதல் பக்கத்தில், இம்மாவட்டம் மக்கள் தேர்ந்தெடுக்கும் அலுவலர்களைக் கொண்டது, நீதிமன்றத்தைச் சுற்றி வளர்ந்தது என்ற குறிப்பு வரும். 1634ஆம் ஆண்டைப் பற்றிய பத்தியில் மட்டும் ‘ஷயர்’ என்று ஒலிபெயர்த்துள்ளேன்.

மறுமடல் (கல்வெட்டியல் பேராசிரியர், தஞ்சாவூர்)

அனுப்புங்கள்; தடுக்கமாட்டேன். ஆனால் அந்த ஒரே பத்தியிலாவது ஷயரை நீக்கிக் கூற்றம் என்று எழுதியிருக்கலாம் என்னும் என் மறுப்பு இவ்விழையில் பதிவாகட்டும். எமனைக் கண்டு அஞ்சாத வாசகர்களும் தமிழில் உண்டு.