ஆட்டோகிளேவ் செய்த கழிவுப் பையில் இன்னும் உயிரோடு காலனிகள்: எங்கே தப்பு?

கேள்வி (மூன்றாம் ஆண்டு மாணவி)

வணக்கம். ஐந்து பேர் சேர்ந்து செயற்கை உயிரியல் ப்ராஜெக்ட் செய்கிறோம். ஈ. கோலை பாக்டீரியாவின் டிஹெச்5-ஆல்ஃபா என்ற ஆய்வக வகையில் ஜிஎஃப்பி (பச்சையாக ஒளிரும் புரதம்) பிளாஸ்மிட், அதாவது சின்ன டிஎன்ஏ வளையம். ஆம்பிசிலின் எதிர்ப்பு மரபணுவும் அதில்தான் இருக்கிறது. நேற்று பாக்டீரியா வளர்த்த 60 பழைய அகார் பிளேட்டுகளை ஒரே கழிவுப் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி கொல்லும் மெஷின்) 121 டிகிரியில் 20 நிமிடம் வைத்தோம். பையில் ஒட்டிய, சூடுபட்டால் நிறம் மாறும் டேப்பில் கறுப்புக் கோடு நன்றாகவே விழுந்தது. வெளியே எடுக்கும்போது பை கிழிந்துவிட்டது. ஓரத்துப் பிளேட்டுகள் உருகிச் சுருண்டிருந்தன, நடுவில் இருந்தவை போட்டது போட்டபடியே. நடுவில் இருந்த ஒன்றை லூப்பால் (சின்னக் கம்பி வளையம்) தொட்டு ஆம்பிசிலின் பிளேட்டில் இழுத்து வைத்தேன். இன்று காலை பிளேட் முழுக்கக் காலனி, நீல ஒளியில் பச்சையாக ஒளிர்கிறது. மெஷின் பழுதா? போன மாதமும் இப்படித்தான் இரண்டு பை செய்தோம். அதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

பதில் 1 (ஆராய்ச்சி மாணவர்)

உங்கள் கையுறையிலிருந்தோ லூப்பிலிருந்தோ ஒட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு. முதலில் ஒன்று சொல்லுங்கள்: நடுப் பிளேட்டில் அகார் (பாக்டீரியா வளரும் ஜெல்லி) உருகி மறுபடி உறைந்த மாதிரி இருந்ததா, அப்படியே இருந்ததா?

மாணவி

அப்படியே இருந்தது அண்ணா. பழைய கோடுகள்கூடக் கலையவில்லை.

பதில் 2 (ஆய்வகப் பொறுப்பாளர்)

அப்படியானால் விடை அதிலேயே இருக்கிறது அம்மா. அகார் உருக ஏறத்தாழ 85 டிகிரி வேண்டும். அது உருகவில்லை என்றால் பையின் நடுப்பகுதி அந்தச் சூட்டைக்கூடப் பார்க்கவில்லை. ஈ. கோலை ஸ்போர் (வெப்பம் தாங்கும் உறங்கு வடிவம்) உண்டாக்காத பாக்டீரியா, கொதிநீரே அதற்குப் போதும். அது வெப்பத்தைத் தாங்கிப் பிழைக்கவில்லை, அதற்கு வெப்பம் போய்ச் சேரவே இல்லை.

காரணம் அந்த முடிச்சு. ஆட்டோகிளேவில் வேலை செய்வது நீராவி. நீராவி பொருளைத் தொட்டுக் குளிர்ந்து நீராகும்போதுதான் தன் வெப்பத்தை மொத்தமாக இறக்குகிறது. பையைக் கட்டிவிட்டால் உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லை, நீராவி நுழைய இடமும் இல்லை. வறண்ட சூட்டில் கிருமி நீக்க 160 டிகிரியில் 2 மணி நேரம் தேவைப்படுவதை நினைத்துப் பாருங்கள். போதாக்குறைக்கு 60 பிளேட் அடுக்கு, பிளாஸ்டிக்கும் காற்றும் மாறி மாறி. 20 நிமிடம் என்பது சின்னக் குடுவையில் மீடியா (பாக்டீரியா வளர்க்கும் ஊட்டக் கரைசல்) செய்யும் கணக்கு, கழிவுக்கு அது பொருந்தாது.

டேப்பையும் நம்பாதீர்கள். தான் ஒட்டியிருக்கும் இடம் சூடானதை மட்டுமே அது சொல்லும்.

பையில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். வாயைக் கை நுழையும் அளவு திறந்து வையுங்கள். உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள், அதுவே ஆவியாகிக் காற்றைத் தள்ளும். கசிவு தாங்கத் தட்டு வையுங்கள். 60 நிமிடம் ஓட விடுங்கள்.

மாணவி

நன்றி சார். கிழிந்த பையை இரண்டாவது பைக்குள் வைத்திருக்கிறோம். பாதுகாப்புக்காக உள்ளே ப்ளீச் ஊற்றி ஆட்டோகிளேவ் செய்யலாம் என்கிறான் குழுவில் ஒருவன்.

பதில் 2

வேண்டவே வேண்டாம்! சூட்டில் ப்ளீச்சிலிருந்து குளோரின் வாயு கிளம்பும், மூச்சுக்கு ஆபத்து. மெஷினும் அரிக்கும். ப்ளீச் அல்லது ஆட்டோகிளேவ், ஏதாவது ஒன்றுதான். திரவ கல்ச்சருக்கு ப்ளீச் நல்லது: கடைசியில் பத்தில் ஒரு பங்கு ப்ளீச் இருக்கும்படி கலந்து 30 நிமிடம் விடுங்கள். நீர்த்த கரைசலை அன்றன்றைக்குப் புதிதாகச் செய்யுங்கள், வீரியம் சீக்கிரம் போய்விடும். பை கிழிந்த இடத்தில் மேசையையும் அந்தக் கரைசலாலேயே துடையுங்கள்.

பதில் 3 (நுண்ணுயிரியல் ஆசிரியை)

இன்னொன்று சேர்க்கிறேன். வெப்பத்தை மிக நன்றாகத் தாங்கும் ஜியோபாசில்லஸ் ஸ்டீரோதெர்மோபிலஸ் பாக்டீரியாவின் ஸ்போர் குப்பி ஒன்றைப் பையின் நட்டநடுவில் புதைத்து வையுங்கள். முடிந்ததும் எடுத்து, சூடுபடுத்தாத இன்னொரு குப்பியோடு சேர்த்து 55 முதல் 60 டிகிரியில் வளர விடுங்கள். ஸ்போர் உயிரோடு வளர்ந்தால் குப்பி நிறம் மாறும்: சூடுபடுத்தாதது மாற வேண்டும், பையில் இருந்தது மாறக் கூடாது.

போன மாதப் பைகளைப் பற்றி இன்றைக்கே வழிகாட்டிப் பேராசிரியரிடமும் உயிரியல் பாதுகாப்புக் குழுவிடமும் சொல்லிவிடுங்கள். டிஹெச்5-ஆல்ஃபா கே-12 என்ற ஆய்வக ஈ. கோலை வழிவந்தது, ஆரோக்கியமானவர்களுக்கு நோய் தராது. அந்த அளவில் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் மரபணு மாற்றிய உயிர் ஆய்வகத்தை விட்டு உயிரோடு வெளியே போகக் கூடாது என்பதுதான் விதி. மறைத்தால்தான் தப்பு கண்ணே. சந்தேகப்பட்டு ஒரு பிளேட்டை இழுத்துப் பார்த்தீர்களே, பலர் அதைக்கூடச் செய்வதில்லை.

மாணவி (நான்கு நாள் கழித்து)

பேராசிரியரிடம் அன்றே சொன்னேன், திட்டவில்லை. போன மாதப் பைகள் இன்னும் கழிவு அறையில்தான் இருந்தன. எல்லாவற்றையும் சின்னச் சின்னப் பைகளாகப் பிரித்து, வாய் திறந்து, 60 நிமிடம் ஓட்டினோம். அகார் முழுக்க உருகிவிட்டது. பைக்குள் வைத்த குப்பி ஊதாவாகவே இருக்கிறது, மற்றது மஞ்சளாகிவிட்டது. நடுப் பிளேட்டிலிருந்து இழுத்ததில் இரண்டு நாளாகியும் ஒன்றும் வளரவில்லை.