பங்குனி ஆமை கரையேறும்போது: பார்த்தவர்கள் பகிர்வு

இரவுநடை: பங்குனி ஆமை என்பது ஆலிவ் ரிட்லி கடலாமை. முட்டையிடக் கரையேறும் ஆமைக்கு டார்ச் வெளிச்சமோ எதிரில் ஆள் அசைவோ பட்டால் போதும், முட்டையிடாமலே திரும்பிவிடும். கண்டதும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடுங்கள்; குழி தோண்டி முடிக்கும்வரை கிட்டே போகாதீர்கள். தோண்டுவது பின்துடுப்புகளால். ஒன்று உள்ளே இறங்கி ஒரு பிடி மணலை மேலே கொண்டுவரும். மற்றது விளிம்பு மணலை விசிறிவிட்டுத் தன் முறைக்கு இறங்கும். குழி குடம்போல வாய் குறுகி அடி அகன்றிருக்கும், ஆழம் ஏறத்தாழ 1½ அடி. பெரும்பாலும் நூறு, நூற்றிருபது முட்டைகள். மூடியதும் உடம்பை இடவலமாக ஆட்டி மணலைத் தட்டி இறுக்கும். கண்ணில் வழிவது உடலின் உப்பை வெளியேற்றும் சுரப்பிநீர், வலியால் வருவதல்ல.

மணல்கோடு: இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: முட்டையை நாமாக எடுக்கவே கூடாது. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் இது, வனத்துறைக்குச் சொல்லுங்கள். முட்டையிட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முட்டை புரண்டால் கரு செத்துவிடும். பொரிப்பகத்துக்கு மாற்றுகிறவர்கள் அதனால்தான் அவசரப்படுகிறார்கள்; முட்டையைப் புரட்டாமல் எடுத்து, அதே ஆழத்தில், அதே வடிவக் குழியில் வைக்கிறார்கள். ஆழம் மாறினால் சூடு மாறும். சுமார் 29 டிகிரிக்கு மேலே போகப் போகப் பெண் குஞ்சுகள் கூடும், கீழே போனால் ஆண்கள். நாய், நரி, அலை, ஆள் தொல்லை இல்லாத கரையில் முட்டை கிடந்த இடத்திலேயே கிடப்பதுதான் நல்லது. பொரிப்பகம் கடைசி வழி.

அலைக்கரை: என்னைக் கேட்டால் முதல் வேலை விளக்கை அணைப்பது. 45 முதல் 60 நாளில், பெரும்பாலும் இரவில், குஞ்சுகள் கூட்டமாக மேலே வரும். வெளிச்சமான தொடுவானம்தான் அவற்றுக்குக் கடல். கரையோர விளக்கு அதைவிடப் பிரகாசமாக இருந்தால் சாலைப் பக்கம் ஊர்ந்துபோய், விடிந்ததும் வெயிலில் காய்ந்து செத்துப்போகும். அணைக்க முடியாத விளக்கைத் தாழ்த்தி, கடல் பக்கம் மறைப்பு போடலாம். வழி தவறிய குஞ்சுகளைத் தண்ணீர் வாளியில் போடாதீர்கள்: விடாமல் நீந்தி, மிச்சமிருக்கும் மஞ்சள்கருச் சத்தை அங்கேயே தீர்த்துவிடும். ஈர மணலில் விட்டால் தானே ஊர்ந்து இறங்கும்.

இரவுநடை: பெரிய ஆமைகள் செத்து ஒதுங்குவதற்கு முக்கியக் காரணம் இழுவலை. நுரையீரலால் மூச்சுவிடும் உயிர் வலைக்குள் மேலே வர முடியாமல் மூச்சுமுட்டும். வலையில் ஆமையை வெளியேற்றும் கம்பிச் சட்டகம் பொருத்தினால், கம்பி இடைவெளியில் இறால் பின்பக்கம் போகும். ஆமை கம்பியில் முட்டி, திறப்பு வழியே வெளியேறும். கம்பியில் குப்பை அடைத்தால் இறாலும் அதே திறப்பில் போய்விடும். ஒவ்வொரு முறை வலை ஏற்றும்போதும் கம்பியைச் சுத்தம் செய்யுங்கள்.