ஆடிட்ல ரெட்டை ரிஜிஸ்டரைப் பிடிக்கது எப்படி?

கேள்வி: அண்ணாச்சி, கங்கைகொண்டான் பக்கத்து தையல் யூனிட்டுக்கு வெளிநாட்டு பையர் (துணி வாங்குற கம்பெனி) அனுப்புற ஆடிட்டர், ஓவர்டைம் மறைச்சதை எப்படிக் கண்டுபிடிப்பாவ? நெசக் கணக்கை வேற ரிஜிஸ்டர்ல வச்சுக்கிட்டு, ஆடிட்டருக்குக் காட்டுத வருகைப் பதிவேடு சுத்தமாத்தானே இருக்கும்?

பதில் 1: அதை மட்டும் பாத்தா ஒண்ணும் தெரியாது. புரொடக்‌ஷன் ரிப்போர்ட், ஜெனரேட்டர் லாக், உடைஞ்ச ஊசி ரிஜிஸ்டர் மூணையும் ஒரே தேதிக்கு ஒட்டிப் பாக்கணும். ஞாயித்துக்கிழமை லீவுன்னு இருக்கும்; அன்னைக்குத் தேதி போட்டே ஊசித்துண்டை டேப்புல ஒட்டி வச்சிருப்பாவ. இதை மாத்தி எழுத யாருக்கும் ஞாபகம் வராது.

பதில் 2: ஆலைக்குள்ள பேட்டி எடுத்தா சொல்லிக்கொடுத்த பதில்தான் வரும். வேன் ஏறுற ஊர்ல வச்சுக் கேளுங்க. ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி ஏறிருக்கான்னு பாஸ்புக்கில பாருங்க.

பதில் 3: ஆடிட் காசை ஆலையே கட்டுதுல்லா, அங்கதான் கோளாறு. பாகிஸ்தான் கராச்சியில அலி எண்டர்பிரைசஸ்னு ஒரு துணி ஆலை, தொழிலாளர ஒழுங்கா நடத்துதுன்னு குடுக்குற எஸ்ஏ 8000 சான்று வாங்குன சில வாரத்துலயே, 2012 செப்டம்பர் 11 தீயில 250 பேருக்கு மேல செத்தாவ. ஜன்னல் பூரா கம்பி. அவசர வழிக் கதவை வேலை நேரத்துல உள்ளேருந்து தள்ளிப் பாருங்க. சாவி தேடுனாவன்னா ஃபெயில்தான்.