ஒரெக்கியேத்தே பாஸ்தாவில் ராப்பினிக் கீரை ரொம்பக் கசக்கிறது, எண்ணெயும் தனியாக நிற்கிறது, உதவுங்கள்

வெந்தயக்கீரை:
வணக்கம். டொராண்டோவில் இருக்கிறேன். இங்கே காய்கறிக் கடைகளில் ராப்பினி கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது. தெற்கு இத்தாலியில் புல்யா பகுதிக்காரர்கள் இந்தக் கீரையோடு செய்கிற ஒரெக்கியேத்தே எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதை வீட்டில் ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று ஆசை. மாவு பிசைவதில்லை, பாக்கெட்டில் வருகிற காய்ந்த பாஸ்தாதான். பூண்டைச் சிவக்க வறுத்து, நறுக்கிய கீரையைப் பச்சையாகவே போட்டு வதக்கி, தனியாக வெந்த பாஸ்தாவை வடித்துக் கலக்கிறேன். கீரை நாக்கைப் பிடிக்கிற மாதிரி கசக்கிறது. தட்டில் எண்ணெய் ஒரு பக்கம், கீரை ஒரு பக்கம். சில பாஸ்தா நடுவில் வேகாமல் கடிபடுகிறது. எங்கள் வீட்டில் பாகற்காயை விரும்பிச் சாப்பிடுவோம், அதனால் கசப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை, இது அளவு மீறியது. கொஞ்சம் சர்க்கரை சேர்க்கலாமா?

உப்புக்காற்று:
சர்க்கரை வேண்டவே வேண்டாம். வேலைக்காகப் புல்யாவின் பாரி நகரத்தில் சில வருடம் இருந்தேன், அங்கே யார் வீட்டிலும் இந்தக் கீரையைப் பச்சையாக எண்ணெயில் போட்டு நான் பார்த்ததில்லை. பாஸ்தா வேகிற அதே பானையில், அதே தண்ணீரில்தான் கீரையும் வேகும். கசப்புக்குக் காரணமான குளுக்கோசினோலேட் தண்ணீரில் கரையக்கூடியது, நிறையத் தண்ணீரில் கொதிக்கும்போது அதில் ஒரு பங்கு வெளியே போய்விடும். வாணலியில் வதக்கினால் அது போக இடமே இல்லை, கீரை சுருங்கச் சுருங்கக் கசப்பு செறிந்துகொண்டே வரும்.

நாலு பேருக்கு 400 கிராம் பாஸ்தா, ஒரு கிலோ கீரை. ஆய்ந்தபின் கீரை கிட்டத்தட்டப் பாதியாகிவிடும், கவலைப்படாதீர்கள். அடித்தண்டை விரலால் ஒடித்துப் பாருங்கள், நார் இழுத்தால் தூக்கிப் போடுங்கள். மொட்டு பச்சையாக மூடியிருக்கிற கட்டாக வாங்குங்கள், மஞ்சள் பூ விரிந்திருந்தால் முற்றிவிட்டது. 4 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 10 கிராம் உப்பு. உப்பைக் குறைக்காதீர்கள், நாக்கில் கசப்பை அடக்குவதே உப்புதான். காய்ந்த ஒரெக்கியேத்தே வேக 10 முதல் 12 நிமிடம் ஆகும், பாக்கெட்டில் போட்டிருப்பதையும் பாருங்கள். பாஸ்தாவும் தண்டும் முதலில், ஐந்து நிமிடம் கழித்து இலையும் மொட்டும்.

நடுவில் வேகாததற்குக் காரணம், இந்தப் பாஸ்தா கிண்ணம் போல் குழிவாக இருப்பதால் ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிக்கொள்கிறது. போட்ட முதல் இரண்டு நிமிடம் கரண்டியை எடுக்காமல் கிளறுங்கள், சரியாகிவிடும்.

மொறுமொறு:
பூண்டையும் கவனிக்கணும். சிவக்க வறுத்தேன் என்கிறீர்களே, பூண்டு கருகினால் அதிலிருந்தே ஒரு கசப்பு வரும், அதைக் கீரை மேல் பழி போட்டுக்கொண்டிருப்போம். நசுக்கி முழுப்பல்லாகப் போட்டு, பொன்னிறம் வரும்போதே எடுத்துவிடுங்கள். அப்புறம், எந்த ஆலிவ் எண்ணெய்? புல்யாவின் கொராத்தீனா வகை ஆலிவில் எடுத்த எண்ணெய் அருமையானது, ஆனால் அதுவே கசப்பும் காரமும் உள்ளது. குழந்தைகளுக்குச் செய்யும்போது சாதுவான எண்ணெயில் ஆரம்பிக்கலாம்.

வெந்தயக்கீரை:
இருவருக்கும் நன்றி. ஒரே பானையில் செய்தேன், கசப்பு இப்போது அளவாக, சுவையாக இருக்கிறது, பாஸ்தாவும் ஒரே மாதிரி வெந்தது. ஆனால் எண்ணெய் இன்னும் தனியாகத்தான் நிற்கிறது. கீரை அதிகம் வெந்துவிடக் கூடாதே என்று இலையைக் கடைசி இரண்டு நிமிடத்தில்தான் போட்டேன், அதனாலா? இன்னொன்று, இதில் எண்ணெயோடு சேர்க்கிற அஞ்சோவி என்ற உப்பு மீனுக்குப் பதில் வீட்டில் இருக்கிற நெத்திலிக் கருவாட்டைப் போடலாமா?

உப்புக்காற்று:
ஆமாம், அதனால்தான். பச்சைப் பசேலென்று விறைப்பாக இருக்கிற கீரை இந்தப் பாஸ்தாவுக்கு உதவாது. மொட்டு குழைந்து உதிர்ந்து பாஸ்தாவின் குழிக்குள் போய் உட்கார வேண்டும், அந்தக் கீரைதான் இங்கே குழம்பு, வேறு எதுவும் கிடையாது. நிறம் கொஞ்சம் மங்கினால் மங்கட்டும். நான் சொன்ன மாதிரி இலைக்கும் ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் கொடுங்கள். அரிகரண்டியால் எடுத்துச் சொட்டச் சொட்ட வாணலிக்கு மாற்றுங்கள், வடிதட்டில் கொட்டி உலர்த்தாதீர்கள். மாவுச்சத்து கலந்த அந்தத் தண்ணீர் ஒரு சின்னக் கரண்டி சேர்த்து, தீயைக் கூட்டி, ஒரு நிமிடம் விடாமல் புரட்டினால் எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்து பளபளவென்று பாஸ்தாவில் ஒட்டிக்கொள்ளும்.

கருவாடு வேண்டாம். இரண்டும் நெத்திலி இனம்தான், ஆனால் அவர்களுடைய அஞ்சோவி வெயிலில் காய்ந்தது இல்லை, உப்பில் மாதக்கணக்கில் ஊறிப் பதமானது. சதை இளகியிருப்பதால் மிதமான சூட்டில் எண்ணெயிலேயே கரைந்துவிடும். கருவாடு கரையாது, வாசனையும் வேறு பக்கம் இழுக்கும். ஐந்தாறு துண்டு அஞ்சோவி போதும், உப்பில் போட்டதாக இருந்தால் கழுவிவிட்டுப் போடுங்கள்.

சுண்டக்கடலை:
நாங்கள் சைவம். அஞ்சோவி இல்லாமல் செய்தால் ருசி குறையுமா? சீஸ் தூவலாமா?

மொறுமொறு:
அது கொடுக்கிற உப்பும் ஆழமும் இல்லாமல் போகும், உண்மைதான், ஆனாலும் நல்ல சாப்பாடு. காய்ந்த மிளகாய் ஒன்று, பூண்டு ஒரு பல் கூடுதலாகப் போடுங்கள். அங்கே பலர் இதற்குச் சீஸுக்குப் பதிலாக, பழைய ரொட்டியை உதிர்த்து ஆலிவ் எண்ணெயில் பொன்னிறமாக வறுத்துத் தூவுகிறார்கள். பரிமாறுகிற நேரத்தில் தூவுங்கள், முன்கூட்டியே கலந்தால் ஊறிவிடும். சீஸ்தான் வேண்டும் என்றால் புல்யாவில் காச்சோரிக்கோத்தா என்று ஒன்று உண்டு, துருவித் தூவலாம். ஆனால் பல சீஸ்களில் பாலைத் திரிய வைக்க, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கிற ரென்னெட் இருக்கும், சைவம் என்றால் உறையைப் படித்துவிட்டு வாங்குங்கள். ராப்பினி கிடைக்காத ஊரில் டர்னிப் இலை போடலாம், இரண்டும் ஒரே தாவர இனம். கடுகுக்கீரையும் சரிப்படும், அதில் காரம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும் என்பதால் மிளகாயைக் குறைத்துக்கொள்ளுங்கள்.