குடியை நிறுத்தக் காளான் மருந்தாகுமா?

அம்பை கணேசன்:
என் அண்ணன் பதினோரு வருடங்களாகக் குடிக்கிறார். இரண்டு முறை மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தோம்; இரண்டு முறையும் வெளியே வந்த மாதமே பழையபடி ஆகிவிட்டார். அதன் பிறகுதான் 'மேஜிக் மஷ்ரூம்' என்கிற காளானில் உள்ள சைலோசிபினைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். 2022-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், குடிநோயாளிகள் 93 பேரில் ஒரு பகுதியினருக்கு அந்த மருந்தையும் மற்றவர்களுக்கு ஒவ்வாமைக்குத் தருகிற ஒரு மாத்திரையையும் கொடுத்து 32 வாரங்கள் கவனித்திருக்கிறார்கள். அளவுமீறிக் குடித்த நாட்கள் மருந்து எடுத்தவர்களிடம் 9.7 சதவீதமாகவும், மற்றவர்களிடம் 23.6 சதவீதமாகவும் இருந்தன. அரசே கடை திறந்து மது விற்கிற மாநிலத்தில், குடியை விடவைக்கக்கூடிய பொருளுக்குத் தடை என்பது எனக்கு அநியாயமாகத்தான் படுகிறது. கொடைக்கானல் போய்வந்த நண்பர் உலர்ந்த காளான் தருவதாகச் சொல்கிறார். கொடுத்துப் பார்த்தால் என்ன?

பாளை எஸ்தர்:
வேண்டாம், தம்பி. மருத்துவமனை வார்டில் இருபது வருடங்களுக்கு மேல் செவிலியராக இருந்தவள் என்கிற உரிமையில் இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

நீங்கள் சொன்ன ஆய்வு உண்மையானது. ஆனால் அதில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். அவர்களுக்குப் பன்னிரண்டு அமர்வுகள் உளவியல் ஆலோசனை நடந்தது. மருந்து கொடுத்தது அதன் நடுவே இரண்டே நாட்கள். அந்த இரண்டு நாளும் காலையிலிருந்து எட்டு மணி நேரம், பயிற்சி பெற்ற இருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். கடுமையான மனநோய் உள்ளவர்களை முதலிலேயே விலக்கிவிட்டார்கள். தங்களுக்குக் கிடைத்தது எந்த மருந்து என்று 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சரியாகச் சொல்லிவிட்டதால், நம்பிக்கையால் விளைந்த பலன் எவ்வளவு, மருந்தால் விளைந்தது எவ்வளவு என்று பிரிப்பதும் கடினம்.

உங்கள் நண்பர் தருவதோ என்ன காளான் என்றே தெரியாத ஒரு பொட்டலம். மழை பெய்த மறுநாள் புற்றுக்காளான் பறிக்கப் போகிற நம் ஊர்ப் பாட்டிமார்கள்கூட, புற்றில் முளைத்ததா, தண்டு எப்படி, மணம் எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மடியில் போடுவார்கள். காய்ந்து சுருங்கியதில் அதையெல்லாம் யார் பார்ப்பது? ஈரலைத் தாக்கும் நச்சுக்காளான் ஒன்று அதில் கலந்திருந்தால், ஆறு மணி நேரத்துக்குப் பிறகுதான் வாந்தியும் பேதியும் தொடங்கும். அதன்பின் தேறிவிட்டதுபோல ஒரு நாள் போக்குக் காட்டும். பிறகுதான் ஈரல் கெடும். பதினோரு வருடக் குடியைத் தாங்கிய ஈரலுக்கு அதற்குமேல் தாங்குகிற சக்தி ஏது?

கடையம் மாடசாமி:
பொட்டலம் விஷயத்தில் எஸ்தர் அம்மா சொல்வதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் மருந்தையே சந்தேகத்தோடு பார்ப்பதை ஏற்க முடியவில்லை. சைலோசிபின் உடலில் சைலோசினாக மாறி, மூளையில் செரடோனின் என்கிற வேதிப்பொருளுக்கான ஏற்பிகள் சிலவற்றில் போய் ஒட்டுகிறது. நாலு முதல் ஆறு மணி நேரத்தில் அதன் வேகம் அடங்கிவிடுகிறது. சாராயத்தைப் போலவோ அபினைப் போலவோ உடலை அடிமையாக்குவதில்லை. புற்றுநோயாளிகளின் மரணபயத்தைத் தணிக்க அது உதவியதை 2016-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 51 பேரிடம் கண்டது. ஆஸ்திரேலியாவில், மற்ற மருந்துகளுக்கு அசையாத மனச்சோர்வுக்கு, அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் 2023 ஜூலை முதல் இதை எழுதிக் கொடுக்கலாம். இங்கேயோ 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடைச் சட்டத்தின் பட்டியலில் பெயர் ஏறியதோடு பேச்சு முடிந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கொடையில், நள்ளிரவில் மேளம் உச்சத்துக்குப் போகும்போது என் சின்னையா சாமியாடுவார். ஆடி முடித்து அவர் சரிகிற இடத்தில், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு இரண்டு பேர் தயாராக நிற்பார்கள். ஒருவர் பின்னாலிருந்து நெஞ்சோடு சேர்த்துப் பிடிப்பார். மற்றவர் முகத்தில் மஞ்சள் நீர் தெளித்துத் திருநீறு பூசுவார். கண் தெளிந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசும்வரை அவரைத் தனியே விட மாட்டார்கள். மனம் நிலைமாறுகிற நேரத்தில் ஆளைத் தாங்குவது எப்படி என்று தெரியாத மண்ணா இது?

பாளை எஸ்தர்:
அண்ணாச்சி, நீங்கள் சொன்னதே எனக்கும் சான்று. துண்டு கட்டி நின்ற அந்த இருவர் இல்லாவிட்டால் உங்கள் சின்னையாவின் தலை கல்லில் மோதியிருக்கும். நம் வார்டில் ஒரே செவிலியர் நாற்பது படுக்கைகளைப் பார்க்கிற இரவுகள் உண்டு. ஒரு நோயாளிக்கு எட்டு மணி நேரம் இரண்டு பேரை எங்கிருந்து கொண்டுவருவீர்கள்?

மருந்தின் பலனும் நாம் நினைப்பதுபோல நிலைப்பதில்லை. மனச்சோர்வுக்கு 233 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், அதிக அளவு எடுத்தவர்களில் 37 சதவீதம் பேருக்கு மூன்றாம் வாரம் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. பன்னிரண்டாம் வாரம்வரை அது நீடித்தது 20 சதவீதம் பேரிடம் மட்டுமே. தற்கொலை எண்ணமும் தன்னைக் காயப்படுத்திக்கொள்வதும் எல்லாக் குழுக்களிலும் சிலரிடம் காணப்பட்டன. குடும்பத்தில் மனச்சிதைவோ இருதுருவ நோயோ உள்ளவர்களை ஆய்வாளர்கள் சேர்ப்பதே இல்லை. மனநிலையைச் சீராக்கும் லித்தியம் மாத்திரை எடுப்பவர்கள் இதையும் எடுத்தபோது வலிப்பு வந்ததாகவும் பதிவுகள் உண்டு.

கடையம் மாடசாமி:
ஆள் இல்லை என்பது மருந்தின் குற்றமல்ல, அம்மா. எட்டு மணி நேரம் ஒருவரோடு உட்கார ஆளில்லாத மருத்துவமனையில் குடிநோயாளிக்கு இன்று கிடைக்கிற சிகிச்சையும் அரைகுறைதான். நம் நாட்டிலேயே முறையான ஆய்வு வேண்டும் என்பதுதான் என் கட்சி. 2025 ஜனவரியில், காளான் இயற்கையாக விளைகிற பொருள், அதைக் கலவை என்று கருத முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் ஒரு ஜாமீன் வழக்கில் சொன்னதே?

பாளை எஸ்தர்:
அது பிடிபட்ட போதைப்பொருளின் எடையை எப்படிக் கணக்கிடுவது என்பதைப் பற்றியது. சைலோசிபினுக்கான தடை அப்படியேதான் இருக்கிறது. கணேசன் தம்பி அந்தப் பொட்டலத்தோடு பிடிபட்டால் வழக்குத்தான். முறையான ஆய்வு வேண்டும் என்றால் நானும் உங்கள் பக்கம்தான், அண்ணாச்சி.

என் அச்சம் வேறு. குடியை நிறுத்த டைசல்ஃபிரம் என்றொரு மாத்திரை உண்டு. அதை எடுத்துக்கொண்டு குடித்தால் உடம்பு தாங்காது. நோயாளி அறிந்து, சம்மதித்து எடுக்க வேண்டிய அந்த மருந்தைப் பொடித்துக் குழம்பில் கலந்து கொடுத்தார் ஒரு மனைவி. அன்றிரவு அவர் கணவரை எங்கள் வார்டுக்குத் தூக்கிவந்தார்கள்: முகம் செங்கல்லாய்ச் சிவந்து, நெஞ்சு அடித்துக்கொள்ள, வாந்தி நிற்காமல். அந்தப் பெண் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு "நல்லதுக்குத்தான செஞ்சேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். காளானுக்கு நல்ல பெயர் பரவினால் அடுத்து அதுதான் குழம்பில் விழும். என்னவென்றே தெரியாமல் ஒரு மனிதன் ஆறு மணி நேரம் சுவர் அசைவதையும் செத்தவர்கள் முகத்தையும் பார்த்தால் என்ன ஆவான்?

அம்பை கணேசன்:
அக்கா, மறைத்துப் பயனில்லை. ஆம்லெட்டில் கலந்து கொடுத்துவிடலாம் என்று மதினி கேட்டார். நானும் சரி என்று சொல்லியிருந்தேன். நண்பரிடம் வேண்டாம் என்று இப்போதுதான் பேசிவிட்டு வந்தேன். தடை அநியாயம் என்கிற என் எண்ணம் மாறவில்லை. அண்ணன் இன்று காலை, "நாளையிலிருந்து ஒரு சொட்டுத் தொடமாட்டேன்" என்று அம்மா தலையில் கைவைத்துச் சொன்னார். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாமா?

பாளை எஸ்தர்:
வீட்டில் வைக்காதீர்கள். இத்தனை வருடம் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள்வாக்கில் பிதற்றலும் காய்ச்சலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கைநடுக்கம் தொடங்குமுன் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சேருங்கள். வைட்டமின் பி1 ஊசியும் நடுக்கத்துக்கான மாத்திரையும் அங்கே கொடுப்பார்கள். குடிக்கிற ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் மாத்திரை அவருக்கு ஒத்துக்கொள்ளுமா என்று ஈரல் பரிசோதனை பார்த்தபின் மருத்துவரிடம் கேளுங்கள். இரவில் சந்தேகம் வந்தால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-இல் தமிழிலேயே பேசலாம். செங்கோட்டையிலிருந்து வருகிற காலை வண்டிக்கே அவரோடு ஏறிவிடுங்கள். மதினியையும் கூட்டிவாருங்கள், அவரோடும் நான் பேச வேண்டும்.