சாளைக் குழு (தோட்டத்து வீட்டின் பெயரில் எங்கள் குடும்பக் குழு): வேப்பமரம் சாய்ந்த மறுநாள்

சின்ன மாமா: (படம்)

சின்ன மாமா: ராத்திரி ஆடிக்காற்றில் சாய்ந்துவிட்டது. பட்டி ஓடு கொஞ்சம் உடைந்தது. ஆடுகளுக்கு ஒன்றும் இல்லை. மர வியாபாரி நாளைக் காலை 7 மணிக்கு வருகிறார். 9,000 சொல்கிறார். யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இன்றே சொல்லிவிடுங்கள்.

அம்மா: அய்யோ

அம்மா: ஆத்தா வைத்த மரம்டா

மைதிலி: அப்பா, கரண்ட் கம்பி மேல் விழவில்லையே?

சின்ன மாமா: இல்லை கண்ணு

நான்: 9,000 ரொம்பக் கம்மி மாமா

சின்ன மாமா: நீ வந்து விற்றுக் கொடு

நான்: சரி விடுங்க

பெரிய மாமா: துரை, அவசரப்படாதே. அடிமரத்தில் 3 அடித் துண்டு ஒன்று எனக்கு வேண்டும். காரணம் சொல்கிறேன். இரண்டு மாதமாக நான் மரம் செதுக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். யாருக்கும் சொல்லவில்லை, ஏதாவது ஒன்று உருப்படியாக வரட்டும் என்று இருந்தேன்.

நான்: தேனீப் பெட்டி என்னாச்சு மாமா?

மைதிலி: அதற்கு முன்னாடி காடை

சரசு அத்தை: அதற்கும் முன்னாடி ஆர்மோனியம். பரணில் இருக்கிறது. எலி வாசிக்கிறது.

பெரிய மாமா: இது அப்படி இல்லை. பெரிய செலவே கிடையாது. லாரி ஸ்பிரிங் பட்டையில் கொல்லர் அடித்துக் கொடுத்த உளி இரண்டு, ஒன்று தட்டை வாய், ஒன்று வளைந்த வாய். ஒரு சின்னக் கத்தி, உளியைத் தட்ட ஒரு கொட்டாப்புளி, ஒரு சாணைக்கல், பழைய பெல்ட் ஒன்று. பெல்ட் எதற்கு என்றால், சாணை பிடித்த பிறகு தோலில் பத்து இழுப்பு இழுத்தால்தான் வாய் கண்ணாடியாக வரும். இணையத்தில் இருபது உளிப் பெட்டி விற்கிறார்கள், அதை வாங்கக்கூடாது. அதில் பாதியை ஜென்மத்துக்கும் தொடமாட்டோம்.

நான்: இதுவரை என்ன செய்தீர்கள்?

பெரிய மாமா: காங்கேயம் காளை. (படம்)

மைதிலி: பெரியப்பா, பன்றி நல்லா இருக்கு

சின்ன மாமா: திமில் எங்கே?

பெரிய மாமா: உடைந்துவிட்டது. நார் ஓட்டத்துக்குக் குறுக்கே திமில் வருகிற மாதிரி கட்டையை வைத்துவிட்டேன். குறுக்கு நார் மெல்லிசாக நின்றால் தட்டினதும் போய்விடும். முதல் வேலையாகக் காளை எடுத்ததே தப்பு. மீன், கரண்டி இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும்.

சரசு அத்தை: கட்டைவிரலைப் பற்றியும் எழுதுங்கள்

அம்மா: என்ன கட்டைவிரல்?

சரசு அத்தை: மூன்று தையல். செல்வி, உன்னிடம் கார்க் கதவு என்றுதானே சொன்னார்?

அம்மா: அண்ணா!!!

பெரிய மாமா: மழுங்கின உளியை அமுக்கித் தள்ளினேன், வழுக்கிவிட்டது. கூரான உளியை விட மழுங்கின உளிதான் கையை வெட்டும். கட்டையைக் கையில் பிடிக்காமல் இடுக்கியில் இறுக்கிவிட வேண்டும், உளி போகிற வழியில் கை இருக்கவே கூடாது. இப்போது இடது கைக்கு வெட்டுப்படாத கையுறை வாங்கிவிட்டேன்.

சரசு அத்தை: வாங்கினது தையல் போட்ட பிறகு

நான்: சிலைதான் வேண்டுமென்றால் திருமுருகன்பூண்டி பக்கம்தானே மாமா

பெரிய மாமா: அது கல் வேலை கோகுல். மரத்துக்குத் தம்மம்பட்டி. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், வாகை மரத்தில் என்னமாய்ச் செய்கிறார்கள். அரும்பாவூரும் அப்படித்தான், 2020-இல் புவிசார் குறியீடே வாங்கினார்கள். வேம்பிலும் செய்யலாம். பூரி ஜகந்நாதரே வேப்பமரம்தான், கடைசியாக 2015-இல் புதிதாகச் செய்தார்கள். ஆனால் பழகுகிறவனுக்கு வேம்பு கொஞ்சம் மல்லுக்கட்டும். நார் ஒரே பக்கமாக ஓடாது, பின்னிக்கொண்டிருக்கும். இந்த விரற்கடையில் வழுவழுவென்று வரும், அடுத்த விரற்கடையில் பிய்த்துக்கொள்ளும். குமிழ், மலைவேம்பு சுலபம்.

மைதிலி: அப்புறம் ஏன் வேம்பு கேட்கிறீர்கள்?

பெரிய மாமா: இந்த வேம்பு என்பதால்

அம்மா: அந்தத் தெற்குக் கிளையில்தான் உனக்குத் தூளி கட்டினோம் கோகுல். கயிறு உரசின தடம் இன்னும் இருக்கும் பார்

நான்: இருக்கு. போன பொங்கலுக்குப் பார்த்தேன்

சரசு அத்தை: ஆடிப் பதினெட்டுக்குக் கொடுமுடி போகிறோமா இல்லையா? வேன் சொல்ல வேண்டும்

மைதிலி: எத்தனை பேர்?

அம்மா: எனக்கு முட்டி வலி. படியில் இறங்க முடியாது

சரசு அத்தை: ஆற்றங்கரை வரை வந்தால் போதும். சோறு கட்டிக்கொண்டு வருவது யார்?

நான்: அத்தை கையால் புளிசாதம் என்றால் நான் வருகிறேன்

சரசு அத்தை: நான் தனியாகச் செய்யமாட்டேன். போன வருடம் செய்தது போதும்

சின்ன மாமா: மரம் என்ன ஆச்சு?

சின்ன மாமா: அது என் பாகத்து மரம் என்று யாருக்கும் ஞாபகமே வரவில்லையே

சின்ன மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சரசு அத்தை: நான் படித்துவிட்டேன்

அம்மா: என்ன எழுதியிருந்தான்?

சரசு அத்தை: ஆத்தாவின் மரப்பெட்டி யார் வீட்டில் இருக்கிறது என்று

பெரிய மாமா: பெட்டி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள் துரை. 25 வருடமாக இதையே சொல்கிறேன்.

நான்: சேலைக் கடை விளம்பரம் ஒன்று அனுப்பவா, கொஞ்சம் சூடு குறையும்

மைதிலி: கோகுல், சும்மா இரு

பெரிய மாமா: மரத்துக்கு வருகிறேன். பச்சையில் செதுக்குவது சுலபம், ஆனால் காயும்போது வெடிக்கும். வெட்டுவாய், அதாவது குறுக்கே அறுத்த முனை வழியாகத்தான் ஈரம் சீக்கிரம் போகும். அதனால் இரண்டு வெட்டுவாயிலும் மிச்சம் கிடக்கிற பெயிண்டைத் தடிமனாக அப்பி, நிழலில், மண் படாமல் கட்டை கொடுத்து வைக்க வேண்டும். நடுப்புள்ளி வழியாக இரண்டாகப் பிளந்துவிட்டால் இன்னும் நல்லது. பலகைக்கு ஓர் அங்குல கனத்துக்கு ஒரு வருடம் என்பது தோராயக் கணக்கு.

மைதிலி: அடிமரம் பத்து அங்குலமாவது இருக்குமே. பத்து வருடமா? உங்களுக்கு இப்பவே 66

சரசு அத்தை: மரம் காய்ந்துவிடும். இவருக்கு அதற்குள் வேறு பைத்தியம் பிடித்திருக்கும்

பெரிய மாமா: அதற்குத்தான் பிளக்கச் சொல்கிறேன். கரண்டி மாதிரி சின்ன வேலை என்றால் பச்சையிலேயே மெல்லிசாகக் குடைந்து மெதுவாகக் காயவிடலாம்.

அம்மா: அப்படியென்றால் எனக்கு ஒரு கரண்டி அண்ணா. தேங்காய் எண்ணெய் தடவி வைத்துக்கொள்கிறேன்

பெரிய மாமா: தேங்காய் எண்ணெய் இறுகாது, நாளானால் சிக்கு வாடை வரும். ஆளிவிதை எண்ணெய்தான் இறுகும். ஆனால் துடைத்த துணியைச் சுருட்டிப் போடக்கூடாது, தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும்.

சரசு அத்தை: கை போயாயிற்று. அடுத்து வீடா?

நான்: மாமா, கடைசியாக என்ன முடிவு? வியாபாரியிடம் என்ன சொல்வது?

பெரிய மாமா: துரை சொல்லட்டும்

அம்மா: துரை?

அம்மா: பார்த்துவிட்டான், பதில் இல்லை

மைதிலி: அப்பா சாப்பிடப் போனார்

(காலை 6:12)

சின்ன மாமா: கோகுல், வரும்போது ரம்பத்துக்குச் சங்கிலி வாங்கி வா

சின்ன மாமா: அண்ணா, கேட்டுக்கு அடித்த பச்சைப் பெயிண்ட் அரை டப்பா கிடக்கிறது. ஆகுமா?

பெரிய மாமா: எந்தப் பெயிண்டும் ஆகும். இரண்டு தடவை

அம்மா: அப்போ வியாபாரி?

சின்ன மாமா: வரட்டும், பேசலாம். தெற்குக் கிளையை மட்டும் தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்

சரசு அத்தை: எங்கே வேண்டுமானாலும் வையுங்கள். எங்கள் பரணில் இடம் இல்லை