கண்டியில் அவசரமின்றி ஒரு தேநீர்: நீங்கள் எங்கே அமர்ந்தீர்கள்?

மடுல்கலை மகன்

கிளினிக் முடிந்து மருந்தும் எடுத்துக்கொண்டு நாங்கள் வெளியே வந்தபோது மாலையாகிவிட்டது. பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்ததால், அம்மாவை அழைத்துக்கொண்டு பக்கத்துக் கடையொன்றில் அமர்ந்தேன். அந்த நேரத்துக் கண்டி நகரம் எப்படி இருக்கும் என்பதை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பாலில்லாத பிளேன்டீ வந்தது. அம்மா இரண்டு மிடறு குடித்துவிட்டு, "தம்பி, ஒங்கப்பா கடைசியா ஒரு விசயம் சொன்னாரு" என்று தொடங்கினார். அதே கணத்தில் வாசலில் கொத்து ரொட்டி போட ஆரம்பித்தார்கள். இரும்புத் தகடுகளின் அந்த ஓசைக்கு மேல் அம்மா ஒருமுறை குரலை உயர்த்திப் பார்த்தார். இடத்துக்காக நான்கு பேர் எங்கள் மேசையருகே நின்றுகொண்டிருந்தார்கள். அப்போது வேலை செய்யும் பையன் வந்து, பாதித் தேநீர் இருந்த அம்மாவின் கிளாஸைத் தன் கையால் தூக்கிப் பிடித்தபடியே ஈரத் துணியால் மேசையைத் துடைத்தான். அம்மா அந்தக் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பொறகு பேசிக்குவோம்" என்று எழுந்துவிட்டார்.

அதன் பின் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தேன். "ஒண்ணுமில்லப்பா" என்கிறார். கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, மாலை வியாபாரம்தான் அவருக்குச் சோறு. ஆனால் அடுத்த கிளினிக்குக்கு மீண்டும் கண்டிக்கு வரப்போகிறோம். யாரும் எழுப்பிவிடாத ஒரு மேசையில் தாயும் பிள்ளையும் அரை மணி நேரம் அமர்ந்து பேச இந்த நகரத்தில் எங்கே முடியும்? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு.

ஸ்டோரு வீட்டுப் பிள்ளை

ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். 1925ஆம் ஆண்டு கட்டப்பட்ட பழைய தேயிலைத் தொழிற்சாலையே 2001இல் அருங்காட்சியகமாக ஆக்கப்பட்டது. அதன் மேல்மாடியில் தேநீர் தருகிறார்கள், சாளரத்துக்கு வெளியே மலைதான் தெரியும். வார நாளில் போனால் கூட்டம் குறைவு.

நான் அப்பாவுடன் போயிருந்தேன். ஆயுட்காலம் முழுவதும் ஸ்டோருவில், அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து அரைத்த மனிதர் அவர். கீழ்த்தளத்தில் வைத்திருந்த பழைய ரோலர் இயந்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார், பின் அந்தக் கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். அதில் கொழுந்து வாசம் இருக்கவில்லை. மேலே சென்று தேநீர் வந்ததும் கோப்பையை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துச் சாயத்தைப் பார்த்துவிட்டு, "இது பீஓபி ரகத் தூளு. இந்தத் தூள நான் மூட்ட மூட்டையா கட்டி அனுப்பிருக்கேன், நம்ம ஊட்டுல ஒரு நாளும் குடிச்சதில்ல" என்றார். வேதனையோ கோபமோ அவர் குரலில் இல்லை, அதுதான் என்னை இன்னும் விடாமல் உறுத்துகிறது. இரண்டாவது கோப்பை சொன்னேன், வேண்டாமென்று மறுத்துவிட்டார்.

கிரகரி ஏரிக்காரன்

தேநீருக்கு மட்டுமான உரையாடல் இழையாக இருந்தால் மன்னிக்கவும். நான் தேடியது ஒரு கிளாஸ் ஸ்டவுட்டை, அந்தக் கறுப்பு பியரை, அமைதியாகக் குடிக்கும் இடம். ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவுக்கு வந்தவர்களுக்குத் தெரியும், குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் நடக்கும் நாட்களில் ஏரிக்கரை முழுவதும் ஒலிபெருக்கிதான். 1889இல் தொடங்கப்பட்ட கோல்ஃப் மைதானத்தைத் தாண்டி, மேட்டிலிருந்த ஒரு பழைய பங்களா விடுதிக்குள் நுழைந்தேன். கணப்பில் விறகு எரிந்துகொண்டிருந்தது. பரிமாறிய வயதான ஐயா கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, நுரை வழியாமல் ஊற்றி முடிக்கும்வரை வாய் திறக்கவில்லை. பிறகு, "ஒரு காலத்துல இது இந்த ஊருலேயே காய்ச்சினது சார்" என்றார். அந்த மதுத் தொழிற்சாலை கொழும்புப் பக்கத்துப் பியகமவுக்குப் போய்விட்டது. அவருடைய அண்ணன் அங்கே வேலை செய்தவராம். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.

பௌர்ணமிப் போயா தினங்களில் மதுபானம் கிடைக்காது, நாட்காட்டியைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

பேராதனைக்காரி

மேலே எழுதிய மூவரும் ஓசை இல்லாத இடத்தையே அமைதியான இடம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு நேர்ந்தது வேறு.

இறுதியாண்டுப் பரீட்சை முடிந்த அன்று தனியாக ஒரு தேநீர் குடிக்க வேண்டும் போலிருந்தது. நகரத்தில் ஒரு கடைக்குள் சென்று அமர்ந்தேன். உள்ளே ஆண்கள் மட்டுமே இருந்தார்கள், வாசலில் நிற்கும்போதே அவர்களின் பேச்சும் சிரிப்பும் கேட்டன. நான் நாற்காலியை இழுத்ததும் அத்தனை பேச்சும் நின்றது. ஒருவர் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்த கரண்டியைக் கூட அப்படியே நிறுத்திவிட்டார். நான் குடித்து முடித்துப் பணம் கொடுத்து வெளியேறும் வரை அந்தக் கடை நிசப்தமாக இருந்தது. படியிறங்கியதும் பின்னால் பேச்சு மீண்டும் தொடங்கியது. யாரும் ஒரு தகாத வார்த்தை சொல்லவில்லை. ஆனாலும் அந்தத் தேநீரின் சுவை என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கிரகரி ஏரிக்காரன் அவர்களே, நீங்கள் அந்தக் கணப்பருகே எத்தனை இயல்பாக அமர்ந்தீர்கள் என்பதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பெண்களுக்கு மதுபானம் விற்கக் கூடாது என்ற 1979ஆம் ஆண்டுத் தடையை 2018 ஜனவரியில் நிதி அமைச்சு நீக்கியது. சில நாட்களுக்குள்ளேயே அதை மீளப் பெறும்படி ஜனாதிபதி பணித்தார். நான் குடிப்பவள் அல்ல. ஆனால் எந்த மேசையில் யார் அமரலாம் என்பது நாட்டின் உச்சியிலேயே தீர்மானிக்கப்படும்போது, அமைதியான இடம் எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது என்று என்னால் எண்ண முடியவில்லை.

ஸ்டோரு வீட்டுப் பிள்ளை சொல்வது நல்ல இடம்தான். ஆனால் நாங்கள் போனபோது மேல்மாடிக்குப் படியேறித்தான் சென்றோம், முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு அது ஒத்துவராது. முச்சக்கர வண்டிக் கூலியும் தேநீர் விலையைவிட அதிகம்.

உயர்நிலத் தூள்

இடத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள், கிளாஸுக்குள் இருப்பதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஹட்டனில் ஒரு கடையில் எனக்குக் கொடுத்த தேநீர் காலையில் ஊற்றி மாலைவரை சூடாக்கிய சாயம். சுற்றிலும் தேயிலை மலை, கையிலோ கசப்பு. அதைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

ஆகவே தூளையும் வெந்நீரையும் நீங்களே கொண்டுசெல்லுங்கள். போட்ட தேநீரைப் பிளாஸ்கில் ஊற்றி எடுத்துச் செல்லாதீர்கள், ஒரு மணி நேரத்தில் கசந்துவிடும். கொதித்த நீரைத் தனியாகவும் தூளைத் தனியாகவும் எடுத்துச் சென்று, அமர்ந்த இடத்தில் ஊற்றி, மூன்று நிமிடமாவது மூடி வையுங்கள், ஐந்துக்கு மேல் விடாதீர்கள். நீரைப் புதிதாகக் கொதிக்கவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். பால் சேர்ப்பதானால் கண்டிப் பக்கத்து நடுநிலத் தூள் நல்லது, அதற்குச் சாயமும் திடமும் உண்டு. பிளேன்டீயாகக் குடிப்பதானால் நுவரெலியாத் தூளை வாங்குங்கள், சாயம் வெளிறியிருந்தாலும் வாசனை இருக்கும். டிம்புலைப் பக்கத்துத் தூளுக்குத் தை, மாசி மாதங்களின் வறண்ட குளிர் வேண்டும். ஊவாவுக்கு ஆடி, ஆவணிக் காற்று வேண்டும். அந்தந்தப் பருவத்துத் தூளை வாங்கிக் காற்றுப் புகாத தகர டின்னில் வையுங்கள். மிளகாய்த்தூள் இருக்கும் அலுமாரியில் தயவுசெய்து வைக்காதீர்கள், தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். சீனிக்குப் பதிலாகக் கித்துல் பனைக் கருப்பட்டி ஒரு துண்டைக் கடித்துக்கொள்ளலாம். கண்டி ஏரிக்கரையில் மர நிழலில் வாங்குகள் இருக்கின்றன, அங்கே கிளாஸை யாரும் தூக்கமாட்டார்கள்.

பேராதனைக்காரி

ஏரிக்கரை வாங்கில் வாகன இரைச்சல் ஓயாது, பாடசாலை விடும் நேரத்தில் சொல்லவே வேண்டாம். மடுல்கலை மகன், கிளினிக் முடிந்ததும் மருந்து வரிசையில் நீங்கள் நில்லுங்கள், அம்மா அமர்ந்திருக்கட்டும். இரண்டு மணிக்குள் வெளியே வந்துவிட்டால், ஏரியைச் சுற்றியுள்ள பழைய ஹோட்டல்களில் தரைத்தளத்திலேயே மேசை கிடைக்கும். மதிய உணவுக் கூட்டம் கலைந்து மாலைக் கூட்டம் வருவதற்கு இடையிலான நேரம் அது. விலை கூடுதல்தான், ஆனால் ஒரு கோப்பைக்குக் கொடுத்த பணத்தில் நீங்கள் விரும்பும் வரை இருக்கலாம். என் தாயாரை நான் அப்படித்தான் அழைத்துச் செல்கிறேன். எங்கள் இருவரையும் அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மடுல்கலை மகன்

நன்றி அக்கா. அடுத்த கிளினிக் வியாழக்கிழமை. போயா அல்ல என்று பார்த்துவிட்டேன்.